மூவிரல் உப்பும் ஒரு பிடி வெல்லமும்

மருந்து ஒன்று கண்டுபிடிக்கப்படுவது ஒரு வரலாறு. அது ஏழையின் குடிசை வாசலைச் சென்றடைவது மற்றொரு வரலாறு. முன்னதை நாம் விரிவாக எழுதி வைக்கிறோம். பின்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். வங்காள தேசத்துத் தாய்மார்கள் தம் குழந்தைகளைப் பேதி நோயினின்றும் காத்துக்கொண்ட செய்தி இப்பின்னதைச் சேர்ந்தது.

பேதி குழந்தையைக் கொல்வது, உடலின் நீரையும் உப்பையும் வற்றச் செய்வதனாலேயாம். இழந்ததை இரத்தக் குழாய் வழியே ஏற்றினால் உயிர் தங்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால், ஊசியும் உப்புநீர்ப் புட்டியும் நகரத்து மருத்துவமனையில் இருந்தன. குழந்தையோ மழைக்காலத்தில் தோணியன்றி வழியில்லாத சிற்றூரில் கிடந்தது.

1960-ஆம் ஆண்டு டாக்காவில் காலரா ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. அங்கு 1968-இல் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்னும் இளம் மருத்துவர் இருவர், சர்க்கரையும் உப்பும் உரிய அளவில் கலந்த நீரை வாய்வழிப் புகட்டினால் புட்டிகளின் தேவை பெரிதும் குறையும் எனக் காட்டினர். தனித்துச் செல்லும் உப்பை ஏற்க மறுக்கும் குடல், சர்க்கரையோடு சேர்ந்து வரும் உப்பை ஏற்கிறது. நீரும் அதனைப் பின்தொடர்கிறது.

1971-இல் போர் மூண்டது. எல்லை கடந்து மேற்கு வங்கத்துப் போங்காவுக்கு வந்து குவிந்த அகதிகளிடையே காலரா பரவியது. புட்டிகள் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹலனபிஸ் சர்க்கரை, உப்பு, சோடா உப்பு ஆகியவற்றைக் கலந்த நீரை, நோயாளிகளின் உற்றாரைக் கொண்டே புகட்டச் செய்தார். 100-க்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழாக இறங்கியது. மருத்துவம் பயிலாத கைகளும் உயிர் காக்கும் என்பதை அம்முகாம் உலகுக்கு உணர்த்தியது.

எனினும், முகாமில் மருத்துவர் உடனிருந்தார். சிற்றூரில் யார் இருப்பார்? தாய்தான் இருப்பாள். பஸ்லே ஹசன் ஆபித் 1972-இல் தோற்றுவித்த ‘பிராக்’ அமைப்பு இவ்வுண்மையையே பற்றிக்கொண்டது. 1979-இல் சுல்லா பகுதியில் சோதனை நிகழ்த்தி, 1980 முதல் நாடெங்கும் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. அரை சேர் நீர், மூவிரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்: இவ்வளவே மருந்து. ஆயினும் உப்பு மிகுந்தால் அதுவே குழந்தைக்குத் தீங்காகும். ஆகவே தாய்மார் தம் கையால் கலக்கிய நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தனர். எழுத்தறியாத அத்தாய்மாரின் விரல்கள் அளவு தவறவில்லை.

ஊழியருக்குக் கூலி வழங்கிய முறையும் கருதத்தக்கது. எத்தனை வீடுகளில் நுழைந்தார் என்பதைப் பாராமல், சில வாரங்களுக்குப் பின் வேறொருவர் சென்று வினவும்போது தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைக் கொண்டே கூலி கணக்கிடப்பட்டது. கற்பித்தவர் சொன்னதற்கன்றி, கற்றவர் பெற்றதற்கே மதிப்பு!

ஆயினும் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. தாய்மார் பாடத்தை நன்கு ஒப்பித்தனர். குழந்தைக்குப் பேதி கண்டபோதோ மிகச் சிலரே அந்நீரைக் கொடுத்தனர். ஏன் என்று ஆராய்ந்தபோது, கற்பிக்கச் சென்ற ஊழியருள் பலருக்கே அதில் நம்பிக்கையில்லை எனத் தெரிந்தது! தமக்குப் பேதி கண்டால் அவர்கள் மாத்திரையைத் தேடினர். வீட்டு ஆடவருக்கோ இது பற்றி ஒன்றுமே சொல்லப்படவில்லை. பழியைத் தாய்மாரின் அறியாமைமீது சுமத்திவிட்டு ஒதுங்குவது எளிதாயிருந்திருக்கும்; பிராக் அவ்வாறு செய்யவில்லை. ஊழியரை டாக்காவுக்கு அழைத்துச் சென்று, அந்நீர் உயிர் காப்பதைக் கண்ணாரக் காணச் செய்தது. பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் ஆடவரைக் கூட்டி விளக்கியது. அதன் பின்னரே தாய்மாரிடையே அந்நீரின் வழக்கம் வளர்ந்தது.

1990-க்குள் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் வீடுகளில் இப்பாடம் சொல்லப்பட்டது. அவ்வாண்டில் அந்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளுள் 140-க்கும் மேற்பட்டவை ஐந்து வயதுக்குள் மாண்டன. 2015-இல் அத்தொகை 40-க்கும் கீழே வந்தது. தடுப்பூசிக்கும் பெண்கல்விக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பேதியை வெல்ல வழிவகுத்த பெருமையில் பெரும்பங்கு, ஊர் ஊராய் நடந்த அப்பெண்களுக்கே உரியது.

ஆபித் 2019-இலும் மஹலனபிஸ் 2022-இலும் மறைந்தனர். அவர்களை உலகம் போற்றியது, தகும். சேற்றில் நடந்து, திண்ணையில் அமர்ந்து, தாயின் மூவிரலைப் பிடித்து அளவு காட்டிய பெண்களின் பெயர்களை நாம் அறியோம். ஏழை மக்களுக்கு மருத்துவம் வகுக்க முனைவோர் முதலில் கற்கவேண்டிய பாடம் அவர்களிடமே இருக்கிறது: தாயை நம்புங்கள், அவளிடம் சொல்வதை முதலில் நீங்கள் நம்புங்கள்.