மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்

இளம் வயதில் தொடங்கி, கை கால் தசைகளை மெல்ல மெல்ல இளைக்கச் செய்யும் நரம்புச் சிதைவு நோய். பெரும்பாலும் 30 வயதுக்குள் தலைகாட்டும். இரு பக்கமும் ஒரே அளவில் தாக்காமல் ஒரு கையோ காலோ முந்திக்கொள்ளும். முகமும் நாக்கும் வலுவிழக்கும். பலருக்குக் காது மந்தமாகும். பரவலாக அறியப்பட்ட ஏ.எல்.எஸ். வகையில் நோயாளிகள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் இறக்கின்றனர். மெட்ராஸ் வகையினரோ பல பத்தாண்டுகள் வாழ்கின்றனர்.

இந்நோயின் வரலாற்றில் நன்கு பதிவானது சென்னைக் காலமே. பி. ராமமூர்த்தி 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். மறு ஆண்டு அவர், வேலூர் ஜேக்கப் சாண்டி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தின் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் மதராஸில் இளையோரிடம் கண்ட இந்த நோய்க்கோலத்தை விவரித்தனர். கத்திக்கு வேலையே இல்லாத நோயைப் பற்றிய கட்டுரையில் ஓர் அறுவை மருத்துவரின் பெயரும் இருப்பது கவனிக்கத்தக்கது.

பிறகு ஆய்வு பெங்களூருக்கு நகர்ந்தது. அங்குள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் கௌரி தேவி 1988-இல் இந்நோய் பற்றி எழுதினார். நளினி குழுவினர் 2008-இல் 116 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தனர். நோயாளிகளில் பெரும்பாலோர் தென்னிந்தியர். வெளிநாடுகளிலிருந்தும் சிலர் பதிவாகியுள்ளனர். இது தனி நோயா, வேறொன்றின் வட்டார வடிவமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காது கேளாமையோடு வரும் பிரவுன்–வியலெட்டோ–வான் லேர் நோயுடன் இது ஒத்திருப்பதாகக் கருதப்பட்டது. அந்நோய்க்குக் காரணமான ரைபோஃபிளேவின் கடத்தி மரபணுக் குறைகள் மெட்ராஸ் வகையினரிடம் இல்லை என்று 2013-இல் வெளியான ஆய்வு பிரித்துக் காட்டியது. எல்லாரும் அதோடு திருப்தியடைந்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

மரபணு தெரிவது எதற்கு உதவும் என்பதற்குச் சுண்டெலி ஆய்வுகள் சான்று. ஏ.எல்.எஸ். குடும்பங்கள் சிலவற்றில் எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றம் 1993-இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே அதைச் சுமக்கும் சுண்டெலி உருவானது. இத்தகைய எலியின் மூளையை உயிரோடு பார்க்கவும் கருவி இருந்தது. வாட் வெப் ஆய்வகத்தில் டெங்க், ஸ்டிரிக்லர் ஆகியோரின் உழைப்பில் 1990-இல் பிறந்த இரு ஃபோட்டான் நுண்ணோக்கி, ஆழத்தில் குவியும் அகச்சிவப்பு லேசரால் உயிருள்ள திசுவுக்குள் பார்க்க வழிசெய்தது. எலியின் மண்டையோட்டில் சிறு கண்ணாடிச் சாளரம் பொருத்தினால், ஒளிரும் அதே நரம்பணுவை நாள் கழித்தும் வாரம் கழித்தும் தேடிப் பிடிக்கலாம். அல்சைமர் எலிகளில் அமிலாய்டு படிவுகள் ஒரே நாளுக்குள் தோன்றக்கூடும் என 2008-இல் ஹைமன் குழு காட்டியது. அவை பின்னர் வளர்கின்றனவா, அப்படியே நிற்கின்றனவா என்பதில் முடிவுகள் மாறுபடுகின்றன. சாளரம் அமைக்கும் முறையே மூளையைச் சீண்டி முடிவை மாற்றிவிடுகிறது என்ற வாதமும் இருக்கிறது.

சென்னையிலும் மூளை ஆய்வு நடக்கிறது. அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022-இல் தொடங்கியது. ஆனால் அங்கு ஆராயப்படுவது உயிருள்ள எலியின் மூளை அல்ல, இறந்தபின் சீவப்பட்ட மனித மூளை.

மெட்ராஸ் வகைக்கென ஒப்புக்கொள்ளப்பட்ட காரண மரபணு எதுவும் இல்லை. ஆகவே அதற்கென ஒரு சுண்டெலியை உருவாக்கவும், அந்த எலியின் நரம்பணு சிதைவதை உயிரோடு படம்பிடிக்கவும் வழி திறக்கவில்லை. நோயாளியைப் பரிசோதித்து எழுதிய குறிப்புகளே இன்றும் முதன்மைச் சான்று.