பயிர் காட்டிக்கொடுத்த பழங்காலம்

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை 1906இல் ராணுவப் பலூனிலிருந்து படம் பிடித்தார்கள். ஆனால் அது ஊரறிந்த இடம். கண்ணுக்குத் தெரியாததை வானிலிருந்து கண்டறிவதுதான் பெரிய திருப்பம்.

அதன் சூட்சுமம் பயிரில் இருக்கிறது. பழைய அகழியோ குழியோ தூர்ந்த இடத்தில் மண் ஆழமாக இருக்கும், ஈரம் தங்கும். அங்கே கோதுமை உயர்ந்து, கரும்பச்சையாக நிற்கும். புதைந்த சுவரின் மேல் வேர் இறங்க வழியில்லை. பயிர் குட்டையாகி முன்னதாகவே பழுத்துவிடும். வரப்பில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது, விமானத்தில் பறப்பவருக்குக் கோலம்போல் தெரியும். வறட்சி எவ்வளவு கடுமையோ அவ்வளவு தெளிவு. விவசாயியின் கெட்ட காலம் தொல்லியலாளருக்கு நல்ல காலம்!

1925இல் விமானி கில்பர்ட் இன்சால், ஸ்டோன்ஹெஞ்சுக்குச் சுமார் 3 கி.மீ. தொலைவில் ஒரு வட்டத்தைக் கவனித்தார். உழுது தேய்ந்த பழைய புதைமேடு என்றே அதுவரை கருதப்பட்டது. அடுத்த கோடையில் கோதுமைக்குள் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. தொல்லியலாளர் மாட் கன்னிங்டன் அங்கே தோண்டியபோது, மரத்தூண்கள் நட்ட குழிகள் ஆறு வளையங்களாக வெளிப்பட்டன. அதுவே வுட்ஹெஞ்ச். முதல் உலகப்போரில் விமானத்தில் பறந்த ஓ. ஜி. எஸ். கிராஃபர்ட், 1928இல் அலெக்சாண்டர் கெய்லருடன் வெளியிட்ட நூல் இம்முறைக்கு அடித்தளமிட்டது.

பின்னர் செயற்கைக்கோள்கள் வந்தன. 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுத் திட்டம் எடுத்த படங்கள் 1995இல் பொதுவெளிக்கு வந்தன. வடக்கு சிரியாவில் வெண்கலக் கால ஊர்களிலிருந்து விரியும் தடங்கள் அவற்றில் தெளிவாக உள்ளன. அணைநீரில் பின்னர் மூழ்கிய பல இடங்களுக்கு இன்று அந்தப் படங்களே சான்று.