17 வரி புரோகிராமும் மூணாவது ஆளும்

பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் குலதெய்வக் கோயில்னு ஒண்ணு இருந்தா, அது மான்செஸ்டர் பல்கலைக்கழக எலெக்ட்ரிகல் துறையில இருந்த ஒரு பழைய ஆய்வுக்கூட அறைதான். 1948 ஜூன் 21, திங்கட்கிழமை. தன்னோட எலெக்ட்ரானிக் மெமரியில இருந்த புரோகிராமைத் தானே வரி வரியா எடுத்து ஓட்டின ஒரு மெஷின், 52 நிமிஷம் கழிச்சு அன்னைக்கு அங்கே சரியான விடையைக் கொடுத்தது. புரோகிராம் மொத்தமே 17 வரி. நாமெல்லாம் லாகின் பக்கத்துக்கே அதைவிட அதிகமா எழுதுறோம் :-)

இந்தக் கதையை நிறைய பேர் எழுதியாச்சு. நான் எழுத நினைச்சது அதோட இன்னொரு பக்கம். அந்த ப்ராஜெக்ட்ல யார் யார் இருந்தாங்க, யார் எதைச் செஞ்சாங்க, கடைசியில யார் பேர் நின்னுது? ரிலீஸ் முடிஞ்சு பாராட்டு மெயில் வரும்போது அதுல நம்ம பேர் இருக்கான்னு ஓரக்கண்ணால தேடுவோம்ல, அந்த வயித்தெரிச்சல் சமாச்சாரம்தான்.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்த்துடுவோம். 1946ல அமெரிக்காவுல எனியாக் வந்துடுச்சு. பயங்கர வேகம். ஆனா வேற கணக்கு போடணும்னா ஒயரைப் புடுங்கி மாத்திச் சொருகணும், சுவிட்சுகளைத் திருப்பணும். அதுக்கே நாள்கணக்கில ஆகும். எண்களை வைக்கிற மெமரியிலேயே புரோகிராமையும் வச்சுட்டா இந்தத் தொல்லை இல்லைங்கிறது அப்பவே தெரிஞ்ச விஷயம். 1945ல வான் நாய்மன் அறிக்கை வந்தாச்சு, அடுத்து டியூரிங்கும் லண்டன் பக்கத்துல நேஷனல் ஃபிசிகல் லேபரட்டரியில ஏஸ்ங்கிற மெஷினுக்கு விரிவான டிசைன் எழுதிட்டார். பேப்பர்ல எல்லாம் ரெடி. மெமரிதான் இல்லை! வேகமா எழுதணும், வேகமா படிக்கணும், மறக்கவும் கூடாது. அப்படி ஒரு சாதனம் யார்கிட்டயும் இல்லை. பல குழுக்கள் பாதரசம் நிரப்பின குழாய்க்குள்ள ஒலி அலையைச் சுத்த விட்டு மெமரி செய்யப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஃப்ரெடி வில்லியம்ஸ் இங்கேதான் வர்றார். போர்க்காலத்துல மால்வெர்ன்ங்கிற ஊர்ல இருந்த டி.ஆர்.ஈ. எனும் ரேடார் ஆராய்ச்சி நிலையத்துல பெரிய கை. போர் முடியற நேரத்துல அமெரிக்கா போனப்போ, பழைய பிக்சர் ட்யூபுல ரேடார் சிக்னலைத் தேக்கி வைக்க அங்கே முயற்சி நடக்கிறதைப் பார்த்துட்டு வந்தார். நம்ம பழைய டிவியில இருந்த அதே சங்கதிதான். எலெக்ட்ரான் கற்றை திரையில ஒரு இடத்துல மோதினா, அந்த இடத்துல கொஞ்சம் மின்னேற்றம் தங்கும். திரைக்கு முன்னாடி ஒரு உலோகத் தகடு வச்சிருந்தா, அடுத்த தடவை கற்றை அதே இடத்துல படும்போது அங்கே என்ன இருந்ததுன்னு தகட்டுல வர்ற சின்ன சிக்னல் சொல்லிடும். சிக்கல் என்னன்னா, அந்த மின்னேற்றம் ஒரு நொடிக்குள்ளயே கசிஞ்சு போயிடும். வில்லியம்ஸ் கண்ட வழி ரொம்ப எளிமையானது. மறக்குறதுக்கு முன்னாடி படி, படிச்சதைத் திரும்ப அங்கேயே எழுது, சும்மா எழுதிக்கிட்டே இரு. 1946 இலையுதிர் காலத்துல ஒரே ஒரு பிட்டை இப்படிப் பிடிச்சு வச்சுட்டார். உங்க லேப்டாப்ல இருக்கிற டிராம் மெமரியும் இன்னைக்கு வரைக்கும் இதே ரெஃப்ரெஷ் வேலையைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கு.

அந்த வருஷக் கடைசியில அவருக்கு மான்செஸ்டர்ல பேராசிரியர் வேலை கிடைச்சது. கூடவே டி.ஆர்.ஈ.ல இருந்து டாம் கில்பர்னைக் கூட்டிட்டு வந்தார். கில்பர்ன் கேம்பிரிட்ஜ்ல கணக்கு படிச்சவர், அப்போ வயசு 25. சம்பளம் டி.ஆர்.ஈ. கொடுக்கும், வேலை மான்செஸ்டர்ல. ஆமாங்க, நம்ம பாஷையில 'ஆன்சைட் டெபுடேஷன்' :-) டியூஸ்பரிங்கிற ஊர்ல இருந்து தினமும் ரயில்ல வந்து போனார். வில்லியம்ஸுக்குத் துறைத் தலைமை, வகுப்பு, நிர்வாகம்னு வேற தலைவலிகள் இருந்ததால, அன்றாட வேலையை இழுத்தது கில்பர்ன்தான். 1947 முடியறதுக்குள்ள ஒரு பிட் 2048 பிட் ஆகிடுச்சு. டிசம்பர் 1 தேதியிட்டு அவர் எழுதின அறிக்கை இங்கிலாந்து, அமெரிக்கா எங்கும் சுத்துக்கு விடப்பட்டது. பின்னாடி ஐ.பி.எம். 701 உள்பட பல மெஷின்கள் இந்த ட்யூபை மெமரியா வச்சு வந்தது.

மூணாவது ஆள் ஜெஃப் டூட்டில். இவரும் டி.ஆர்.ஈ. ஆள்தான், 1947ல வந்து சேர்ந்தார். கில்பர்னைவிட ஒரு வயசுக்கும் குறைவாத்தான் இளையவர்.

ட்யூப் சும்மா மணிக்கணக்கில பிட்டைப் பிடிச்சு வச்சிருக்கு, சரி. ஆனா கம்ப்யூட்டர் வேகத்துல மாத்தி மாத்தி எழுதினா, படிச்சா தாங்குமா? அதைத் தெரிஞ்சுக்க ஒரு கம்ப்யூட்டர் வேணும். உலகத்துல அப்படி ஒண்ணு இல்லை. சரி, இருக்கிறதிலேயே சின்னதா ஒண்ணு நாமளே கட்டுவோம்னு ஆரம்பிச்சாங்க. 'பேபி'ங்கிற செல்லப் பேர் வந்தது இப்படித்தான். அதாவது முதல் கம்ப்யூட்டர் கட்டினது மெமரியை டெஸ்ட் பண்ண! டெஸ்டிங் டீம்ல இருக்கிற நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

பேபின்னு பேர்தானே ஒழிய, 5 மீட்டருக்கு மேல நீளம், ஒரு டன்னுக்குக் கிட்ட எடை, சுமார் 550 வால்வு. மெமரி 32 வார்த்தை, ஒவ்வொண்ணும் 32 பிட். மொத்தம் 1024 பிட், அதாவது 128 பைட். இந்தப் பத்தியைச் சேமிக்கக்கூட பத்தாது. கட்டளைகள் ஏழே ஏழு. அதுல கூட்டல் கிடையாது! கழித்தல் மட்டும்தான். மெமரியில இருந்து எண்ணை எடுத்தாலும் மைனஸ் போட்டுத்தான் எடுக்கும். அப்போ ரெண்டு எண்ணை எப்படிக் கூட்டுறது? முதல் எண்ணை மைனஸா எடு, அதுல இருந்து ரெண்டாவதைக் கழி, வந்ததைச் சேமி, அதைத் திரும்ப மைனஸா எடு. மைனஸுக்கு மைனஸ் ப்ளஸ். முதல்ல படிச்சப்போ வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். இருக்கிற சர்க்யூட்டைக் குறைக்க என்னமா யோசிச்சிருக்காங்க!

முதல் புரோகிராமை எழுதினது கில்பர்ன். அவர் வாழ்க்கையில எழுதின ஒரே புரோகிராம் அதுதான்னு சொல்வாங்க. 2,62,144ங்கிற எண்ணோட மிகப்பெரிய வகுஎண்ணைக் கண்டுபிடிக்கணும். அதைவிட ஒண்ணு குறைவான எண்ல ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா இறங்கி வகுத்துப் பார்க்கணும். வகுத்தலும் கிடையாதே, திரும்பத் திரும்பக் கழிக்கணும். விடை 1,31,072ன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், அது 2ன் அடுக்குதானே. வேணும்னேதான் அப்படி ஒரு முட்டாள் வழியைத் தேர்ந்தெடுத்தாங்க. மெமரி நல்லா வேலை வாங்கப்படணும், விடை சரியான்னு கண்ணால பார்த்ததும் தெரியணும். சுவிட்சு, பட்டனைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிட்டா ஏத்தினாங்க. ஓட விட்டா திரையில புள்ளிகள் பேயாட்டம் ஆடும், உருப்படியா ஒண்ணும் வராது. அந்தத் திங்கட்கிழமை, சுமார் 35 லட்சம் செயல்பாடுகளுக்கு அப்புறம் ஆட்டம் நின்னப்போ, வரவேண்டிய இடத்துல வரவேண்டிய விடை மினுக்கிக்கிட்டு இருந்தது.

('முதல்'னு சொன்னாலே சண்டைக்கு வருவாங்க, அதனால ஒரு விளக்கம். எனியாக்கையும் 1948 ஏப்ரல்ல மாத்தியமைச்சு, சுவிட்சு அட்டவணையில வச்ச புரோகிராமை ஓட்டினாங்க. ஆனா அந்த அட்டவணையை மெஷின் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. எழுதவும் படிக்கவும் முடியற எலெக்ட்ரானிக் மெமரியில புரோகிராமை வச்சு ஓட்டின முதல் மெஷின் பேபிதான்.)

இப்போ பேர் விவகாரத்துக்கு வருவோம்.

மான்செஸ்டர்ல கம்ப்யூட்டர் கட்டணும்னு முதல்ல கனவு கண்டவர் வில்லியம்ஸ் இல்லை. கணிதத்துறைப் பேராசிரியர் மேக்ஸ் நியூமன். போர்க்காலத்துல பிளெட்ச்லி பார்க்ல சங்கேத உடைப்பு வேலையில இருந்தவர். 1946லயே ராயல் சொசைட்டியில மானியம் வாங்கிட்டார், 20,000 பவுண்டு கட்டுமானத்துக்கு, மேல அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 3,000 பவுண்டு. ஆனா மெஷின் உருவானது எலெக்ட்ரிகல் ஆளுங்க கையில. தனக்கும் கில்பர்னுக்கும் ஆரம்பத்துல கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது, நியூமனும் டியூரிங்கும்தான் கையைப் பிடிச்சு, எண்கள் முகவரி உள்ள வீடுகள்ல குடியிருக்கிற கணக்கா விளக்கினாங்கன்னு வில்லியம்ஸே பின்னாடி எழுதினார். கில்பர்னோ, கம்ப்யூட்டர்னா என்னன்னு எங்கேயோ தெரிஞ்சுக்கிட்டேன், எங்கேன்னு ஞாபகம் இல்லைன்னுட்டார். 1946-47 குளிர்காலத்துல லண்டன்ல டியூரிங் தரப்பு நடத்தின சொற்பொழிவுகளுக்குக் கில்பர்ன் போயிருக்கார், விதை அங்கேதான் விழுந்ததுன்னு பின்னாடி வந்த வரலாற்று ஆய்வாளர் ஜாக் கோப்லேண்ட் வாதாடுறார். நம்மைக் கேட்டா, ரெண்டு பக்கமும் பாதி நியாயம். யோசனை மேலேர்ந்து வந்திருக்கலாம், ஆனா பிட்டை நிக்க வைக்க சால்டரிங் அயர்ன் பிடிச்ச கை வேணும்.

எனக்கு அதைவிட உறுத்தினது டூட்டில் விஷயம். 1948 செப்டம்பர் 25 தேதியிட்ட நேச்சர் இதழ்ல பேபி பத்தின சின்னக் கடிதம் வந்தது. உலகத்துக்கு முதல் அறிவிப்பு. கீழே ரெண்டே பேர், வில்லியம்ஸ், கில்பர்ன். டூட்டில் பேர் இல்லை. ராத்திரி பகலா அந்த ரேக்குகளோட மல்லுக்கட்டின ஆள்! 1951ல வந்த விரிவான கட்டுரையிலதான் மூணு பேரும் சேர்ந்து வந்தது. இதுல வேடிக்கை, கில்பர்னுக்கும் கொஞ்சம் இதே கதிதான். ட்யூபுக்கு ரொம்ப நாள் 'வில்லியம்ஸ் ட்யூப்'னுதான் பேர். 'வில்லியம்ஸ்-கில்பர்ன் ட்யூப்'னு சொல்றது பின்னாடி வந்த பழக்கம். மேல இருக்கிறவர் பேர்தான் ஒட்டும்ங்கிறது அந்தக் காலத்துலயே இருந்திருக்கு பாருங்க.

அக்டோபர்ல அரசாங்கத்தோட தலைமை விஞ்ஞானி பென் லாக்ஸ்பைசர் வந்து பார்த்துட்டு, வில்லியம்ஸ் சொல்றபடி ஒரு மெஷின் கட்டுங்கன்னு ஃபெரான்டி கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார். நாலு பக்க டெண்டர், ஏழு கையெழுத்து எதுவும் இல்லை. 1951 பிப்ரவரியில ஃபெரான்டி மார்க் 1 பல்கலைக்கழகத்துக்கே வந்து இறங்கிச்சு. அந்த மெஷினுக்கு புரோகிராம் எழுதின குழுவுல சந்திச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க மேரி வுட்ஸும் கான்வே பெர்னர்ஸ்-லீயும். இவங்க பையன் டிம்தான் வேர்ல்ட் வைட் வெப் செஞ்சவர்.

கில்பர்ன் அங்கேயே தங்கிட்டார். 1962ல விர்ச்சுவல் மெமரியோட அட்லஸ் கம்ப்யூட்டர், 1964ல கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையோட முதல் தலைவர், இன்னைக்கு ஒரு கட்டடமே அவர் பேர்ல. டூட்டில் 1949லயே ஃபெரான்டிக்குப் போயிட்டார்.

1998ல, 50 வருஷ விழாவுக்குப் பேபியோட மாதிரி ஒண்ணை அச்சு அசலா கட்டினாங்க. போட்டி வச்சு புதுசா புரோகிராமும் எழுதச் சொன்னாங்க. ஜெயிச்சது ஜப்பான்காரர் ஒருத்தர் எழுதின நூடுல்ஸ் டைமர் :-) விழாவுக்குக் கில்பர்னும் டூட்டிலும் வந்திருந்தாங்க. வில்லியம்ஸ் 1977லயே இறந்துட்டார். கில்பர்ன் 2001ல போனார், டூட்டில் 2017ல, 95 வயசுல.

மாதிரி மெஷின்ல அந்த முதல் புரோகிராமை ஓட்டணுமே, அதுக்கு எங்கே போறது? 1948 ஜூன் 21 அன்னைக்கு ஓடின மூல வடிவத்தை யாரும் எடுத்து வைக்கலை. கிடைச்சது கொஞ்சம் திருத்தின வடிவம், ஜூலை 18 தேதி போட்டது. அதைக் கையால நோட்டுல எழுதி வச்சிருந்தவர் ஜெஃப் டூட்டில்.