டென்மார்க்கின் கடற்பாலம்

நானூறுக்கு மேற்பட்ட தீவுகளும் ஜட்லாந்து என்னும் தீபகற்பமும் சேர்ந்ததே டென்மார்க்கு நாடு. இத்தகைய நாட்டுக்குக் கப்பலே சாலை, துறைமுகமே சந்தி. அந்நாட்டின் புகழ்பெற்ற பயணிக் கப்பல் நிறுவனமாகிய டி.எப்.டி.எஸ். வரலாற்றை ஆராய்ந்தால், ஒரு நாட்டின் தேவைகள் மாறமாற அதன் கப்பல்களும் எவ்வாறு மாறின என்பது தெள்ளிதின் விளங்கும்.

இப்பெயரின் முழுப்பொருள் ‘ஐக்கிய நீராவிக் கப்பற் கம்பெனி’ என்பதாம். கோபன்ஹேகன் நகரின் வங்கியாளர் தீட்கென் என்பார், தம்முள் போட்டியிட்டு வந்த மூன்று பெரிய கம்பெனிகளை ஒன்றாக்கி, 1866 டிசம்பரில் இதனை நிறுவினார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான், 1864-ஆம் ஆண்டுப் போரில், ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை டென்மார்க்கு இழந்திருந்தது. தெற்கே நிலம் போயிற்று. மேற்கே கடல் எஞ்சியிருந்தது. ஜட்லாந்தின் மேற்குக் கரையில் நல்ல துறைமுகம் இல்லாத குறையைப் போக்க, எஸ்பியர்க் என்னுமிடத்தில் புதிய துறைமுகம் அமைக்க 1868-இல் சட்டம் இயற்றப்பட்டது. மணல்மேடாகக் கிடந்த இடம் சில பத்தாண்டுகளில் பெருநகரமாயிற்று.

அத்துறையிலிருந்து 1875-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. முதலில் ஏறியவை கால்நடைகள். பின்னர் வெண்ணெய், பன்றியிறைச்சி, முட்டை ஆகியவை ஏறின. உழவர் கூட்டுறவுப் பண்ணைகளில் விளைந்த செல்வம் ஆங்கிலேயரின் காலையுணவு மேசையை அடைந்தது இக்கப்பல்களின் வழியேதான். ஹாரிச் துறை மறுகரை நிலையமாக அமைந்தபின், பயணிகளும் பெருந்தொகையினராக இவ்வழியே சென்றனர்.

உழவரின் விளைபொருள் மட்டுமன்றி, உழவரின் மக்களும் கடல் கடந்தனர். அமெரிக்காவில் குடியேற விரும்பிய ஸ்காண்டிநேவிய ஏழைகளை ஏற்றிச் செல்லும் பணியையும் 1898-இல் கம்பெனி மேற்கொண்டது. ‘நார்கே’ என்னும் கப்பல், 1904 ஜூன் 28-இல், அத்திலாந்திக்கின் ராக்கால் பாறையருகே மோதி மூழ்கியது. உயிர்காப்புப் படகுகள் அனைவருக்கும் போதா. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் புதுவாழ்வு தேடிப் புறப்பட்டவர்கள். எட்டாண்டுகளுக்குப்பின், 1912-இல், ‘டைட்டானிக்’ மூழ்கியபோதுதான் உலகம் இப்படகுகளின் கணக்கை உணர்ந்து விதிகளை மாற்றியது. ஏழையர் மாண்டபோது எழாத கேள்வி, செல்வரும் மாண்டபோது எழுந்தது. அமெரிக்கப் பயணம் 1935-இல் நின்றது.

கப்பற் கலையிலும் இக்கம்பெனி முன்னோடியாகத் திகழ்ந்தது. 1925-இல் ஹெல்சிங்கோரில் கட்டப்பெற்ற ‘பார்க்கஸ்டன்’, நீராவியை விடுத்து டீசல் இயந்திரத்தால் வடகடலைக் கடந்தது. ‘ஜட்லாந்து’, ‘எஸ்பியர்க்’, ‘இங்கிலாந்து’ என்னும் உடன்பிறப்புக் கப்பல்கள் 1932-க்குள் அதனைத் தொடர்ந்தன. கம்பெனியின் பெயரில் மட்டும் நீராவி எஞ்சியது!

பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர் ஓய்ந்தும் அதன் வினை ஓயவில்லை. கோபன்ஹேகனிலிருந்து ஆல்போர்க்குக்குச் சென்ற ‘கோபன்ஹேகன்’ என்னும் கப்பல், 1948 ஜூனில், கடலில் எஞ்சிக்கிடந்த கண்ணிவெடியில் மோதியது; 48 பேர் உயிரிழந்தனர். 1953-இல் ‘கிரோன்பிரின்ஸ் பிரெடெரிக்’ ஹாரிச்சில் தீப்பற்றியது. தீயணைக்கப் பாய்ச்சிய நீரின் சுமையாலேயே கப்பல் துறையோரத்திற் சாய்ந்தது. அதனை நிமிர்த்திப் பழுதுபார்த்து, அடுத்த ஆண்டே மீண்டும் ஓட்டினர்.

அறுபதுகளில் மக்கள் தம் மோட்டார் வண்டிகளுடன் பயணஞ்செய்ய விழைந்தனர். அதற்கிசைய 1964-இல் புதிய ‘இங்கிலாந்து’ கப்பலும், 1967-இல் ‘வின்ஸ்டன் சர்ச்சில்’ கப்பலும் வந்தன. வண்டிகள் நேரே உள்ளே ஓடிச் செல்லும்படி கப்பலின் வயிறே கூடமாயிற்று. ஆனால் சாலையும் விமானமும் கப்பலின் பயணிகளைப் பகிர்ந்துகொண்டன. உள்நாட்டில் கோபன்ஹேகனிலிருந்து ஆர்குஸ், ஆல்போர்க் நகரங்களுக்குச் சென்ற கப்பல்கள் 1970-இல் நின்றன. 1998-இல் பெரும் பெல்ட் நீரிணையின்மேல் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிடையே தீர்வையற்ற விற்பனை ஒழிந்தது. கப்பற் கடைகளின் வருமானம் குன்றியது. முடிவில், 139 ஆண்டுகள் நீடித்த எஸ்பியர்க்–ஹாரிச் பயணம் 2014 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. கோபன்ஹேகன்–ஓஸ்லோ வழியும் 2024-இல் ஒரு சுவீடன் கம்பெனிக்கு விற்கப்பட்டது.

கம்பெனி அழியவில்லை, சரக்குப் போக்குவரத்தை முதன்மையாகக் கொண்டு இன்றும் வாழ்கிறது. கால்நடை, வெண்ணெய், குடியேறுவோர், மோட்டார் வண்டி என நாடு எதனை ஏற்ற விரும்பியதோ, அதற்கேற்பக் கப்பல் உருமாறியது. ஏற்றுவதற்குரிய தேவை எங்கே நீங்கிற்றோ, அங்கே எத்துணை பழைய வழியும் நின்றது. நிலம் இழந்த சிறுநாடு கடலை வழியாக்கி வாழ்ந்த வரலாறு இது. ஆனால் அவ்வழியில் உயிரிழந்தோரையும் கணக்கிற் சேர்த்துப் படிக்கும்போதே அவ்வரலாறு முழுமையுறும்.