பெயர், பிழை, பாடம்

1

பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் எங்கள் ஊர். சபையின் பெயர் இங்கே வேண்டாம். சென்ற ஆண்டு லெந்து நாட்களில், பெரிய வெள்ளிக்கு முந்தின ஆறு வெள்ளிக்கிழமைகளும் பெண்கள் சங்கத்து வேதபாடத்துக்குப் போனேன். அம்மாவுக்காகத்தான் போனேன். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுக் கோவில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மகளைப் பற்றி நாலுபேர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே.

ஐயரம்மா (போதகரின் மனைவியை எங்கள் பக்கம் இப்படித்தான் அழைப்போம்) ஆளுக்கொரு தாள் கொடுத்தார். தலைப்பு: ‘வேதத்தில் பிழைபட்ட பெண்கள்’. கீழே மூன்று கட்டங்கள்: பெயர், பிழை, பாடம். பெயர்களை அவரே எழுதியிருந்தார். ஏவாள், தாமார், ராகாப், பத்சேபாள், சமாரியப் பெண், மகதலேனா மரியாள். வாரம் ஒருத்தி. மற்ற இரண்டு கட்டங்களையும் நாங்கள் நிரப்ப வேண்டும். மூன்றாவது கட்டத்தில் சிரமமில்லை, எல்லாருக்கும் ஒரே பாடம்தான்: மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு.

என்னை உறுத்தியது நடுக்கட்டம். பிழை என்ற இந்தக் கட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் எழுதப்பட்டவை எல்லாம் வேதப் பிரதியிலிருந்து வந்தவை அல்ல. பிரதிக்கும் நமக்கும் நடுவில் நின்ற வாசிப்புகள் எழுதிவைத்தவை அநேகம். யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், எழுதியதால் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

பத்சேபாளின் முறை வந்த அன்று ஐயரம்மா கேட்டார், “மொட்டைமாடியில குளிச்சது யாரு தப்பு?” இருபது குரல்கள் ஒன்றாகச் சொல்லின, “அவ தப்புதான்.” சின்ன வயசிலிருந்து நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ராத்திரி அம்மாவின் வேதாகமத்தை எடுத்து இரண்டாம் சாமுவேல் பதினோராம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். மாடியில் இருப்பவன் தாவீது. அவள் எங்கே குளித்தாள் என்று பிரதி சொல்லவேயில்லை. படை யுத்தத்துக்குப் போயிருக்க ராஜா ஊரில் தங்கிவிட்டான். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாத்துகிறான், பார்க்கிறான், விசாரிக்கிறான். இன்னாருடைய பெண்சாதி என்று தெரிந்த பிறகும் ஆள் அனுப்பி அழைப்பிக்கிறான். அந்த அதிகாரம் முழுவதிலும் அவள் வாயிலிருந்து வருவது ஒரே செய்தி, தான் கர்ப்பமாயிருப்பது. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி சொல்லும் கதையில் அவள் ஏழையின் ஆட்டுக்குட்டி, ராஜாதான் அதைப் பறித்தவன். குற்றவாளி யார் என்பதில் பிரதிக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை இதைச் சொன்னேன். மூத்த பெரியம்மா ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். “அறுவது வருசமா படிச்சிருக்கேன். மாடியில இருந்தது அவன்னு கண்ணுல படலையே” என்றார். இது பெரியம்மாவின் குறை அல்ல. பிரசங்கம் முதலில் காதில் விழுகிறது, பிரதி அப்புறம்தான் கண்ணில் படுகிறது. காதில் விழுந்தது கண்ணை மறைத்துவிடும்.

தாமாரின் கதையும் இப்படியே. இளைய மகனுக்குக் கட்டிவைக்கிறேன் என்று சொன்ன மாமனார் யூதா வாக்குத் தப்பினான். அவள் முக்காடிட்டு வழியில் உட்கார்ந்து அவனாலேயே கர்ப்பமானாள். அவளை எரிக்கச் சொன்ன அதே யூதா, அடையாளப் பொருட்களைக் கண்டதும், தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று ஒத்துக்கொண்டான். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றில் மரியாளுக்கு முன் வரும் பெண்கள் நால்வர்: தாமார், ராகாப், ரூத், நான்காவதாகப் பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவி. நால்வரில் மூவர் எங்கள் தாளில் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களை விலக்கிவிட்டால் வம்சமே இல்லை.

3

ஐந்தாம் வாரம் சமாரியப் பெண். யோவான் நாலாம் அதிகாரம். ஐந்து புருஷர்கள் இருந்தார்கள், இப்போது இருப்பவன் புருஷன் அல்ல. நடுக்கட்டத்தை எல்லாரும் மளமளவென்று நிரப்பினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா மட்டும் கேட்டார், “அஞ்சு பேரும் செத்தாங்களா, விட்டுட்டுப் போனாங்களான்னு யாரும் கேக்கலையே?”

அறை அமைதியானது. காரணம் எல்லாருக்கும் தெரியும். புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பதினாலு வருஷம். வேறொருவரோடு குடும்பம் நடத்துகிறார். கோர்ட்டில் விடுதலை வாங்கப் பணமில்லை, ஆகவே சபையில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாததால் இராப்போஜனமும் இல்லை. பந்தியின்போது மற்றவர்கள் எழுந்து போக அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆனால் சங்கத்துக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், பாய் விரிப்பதும் காப்பி போடுவதும் அவர்தான்.

அக்காவின் கேள்வியில் சட்ட நியாயம் இருக்கிறது. உபாகமத்தின்படி தள்ளுதற்சீட்டு எழுதுகிறவன் ஆண். பிள்ளையில்லாமல் அண்ணன் செத்தால் தம்பி அவளைக் கொள்ள வேண்டும் என்பதும் அதே நூலின் முறை. சதுசேயர் இயேசுவிடம் சொன்ன புதிரில் ஒருத்தி ஏழு சகோதரர்களுக்கு மனைவியாகிறாள், அவளை நடத்தை கெட்டவள் என்று எவரும் சொன்னதில்லை. ஏழு பேர் என்றால் விதி, ஐந்து பேர் என்றால் பாவமா? கிணற்றடியில் இயேசு அவளுக்கு மன்னிப்பு என்ற வார்த்தையையே சொல்லவில்லை. அவளோடு எங்கே தொழுவது என்பதைப் பற்றி விவாதிக்கிறார். அந்தச் சுவிசேஷத்திலேயே நீளமான உரையாடல்களில் ஒன்று அது. ஊருக்குள் போய் ஜனங்களைக் கூட்டி வருகிறவளும் அவள்தான்.

நாங்கள் கூடியிருந்த கூட்டத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1876-இல் இங்கிலாந்தில் மேரி சம்னர் ‘மதர்ஸ் யூனியன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலிக்கன் மிஷன்களோடு அது தேசம் தேசமாகப் பரவியது. எங்கள் பாட்டி தலைமுறைக்குப் பெண்கள் கூட்டம் என்றாலே ‘மதர்சூனியன்’தான். எழுதப் படிக்கவும், நாலுபேர் முன்னால் எழுந்து ஜெபிக்கவும் பழகிக்கொடுத்த இடங்கள் இவை, அதை மறுக்கக்கூடாது. ஆனால் விவாகரத்தான பெண்களை அந்த அமைப்பு நெடுங்காலம் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. தடை நீங்கியது 1970-களில்தான். அந்த விதிப்படி பார்த்தால், வருஷாவருஷம் பாடம் எடுக்கப்பட்ட சமாரியப் பெண்ணுக்கு உறுப்பினர் அட்டை கிடைத்திருக்காது. பாடப்பொருளாக இருக்கலாம், பக்கத்தில் உட்காரக்கூடாது.

பாவத்தை வாயால் சொல்லவைப்பது அதிகாரம் வேலைசெய்யும் வழிகளில் ஒன்று என்று ஃபூக்கோ எழுதினார். அவர் முக்கியமாகப் பார்த்தது கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தை. எங்களிடம் அந்தக் கூண்டு இல்லை, ‘சாட்சி’ இருக்கிறது. பாதிரியார் காதில் ரகசியமாகச் சொல்வதற்குப் பதிலாகக் கூட்டத்தின் முன்னால் சொல்ல வேண்டும். ஆனால் ஃபூக்கோவை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. அக்கா அன்று சொன்னது சாட்சியும் அல்ல, அறிக்கையும் அல்ல. அது ஒரு கேள்வி. கண்காணிக்கும் அறைக்குள்தான் அந்தக் கேள்வியும் பிறந்தது.

4

ஆறாம் வாரம் மகதலேனா. நடுக்கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டதற்கு, “தெரிஞ்சதுதானே” என்றார் ஐயரம்மா. அவருக்குத் தெரிந்தது சுவிசேஷத்தில் இல்லை.

லூக்கா ஏழாம் அதிகாரத்தில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கும் பெண்ணுக்குப் பெயரில்லை. எட்டாம் அதிகாரத்தில்தான் மகதலேனாள் வருகிறாள். ஏழு பிசாசுகள் நீங்கியவள், தன் ஆஸ்தியால் ஊழியத்தைத் தாங்கிய பெண்களில் ஒருத்தி. பெத்தானியா ஊர் மரியாள் வேறொருத்தி. 591-இல் போப் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் இந்த மூவரையும் ஒருத்தியாக்கினார். ஏழு பிசாசுகளையும் பாவங்கள் என்று விளக்கினார். கிழக்கத்திய சபைகள் இதை ஏற்கவில்லை, மேற்கில் இதுவே நிலைத்தது. 1517-இல் லெஃபேவ்ர் என்ற பிரெஞ்சு அறிஞர் மூவரும் வேறுவேறு என்று எழுதினார். பாரிஸ் இறையியலாளர்கள் 1521-இல் அதைக் கண்டித்தார்கள். ரோமச் சபை தன் வழிபாட்டு நாட்காட்டியில் இந்தக் கலப்பைக் கைவிட்டது 1969-இல். 2016-இல் அவள் நாள், அப்போஸ்தலர்களின் நாளுக்கு ஒப்பான திருநாளாக உயர்த்தப்பட்டது. ஆயிரத்து நானூறு வருஷக் கணக்கு இது.

இதில் வேடிக்கை, நாங்கள் போப்பை ஏற்காத சபையார். போப்பை விட்டோம், போப்பின் மகதலேனாவை விடவில்லை.

இது வெறும் வியாக்கியானப் பிசகு என்று தள்ளிவிட முடியாது. 1758-இல் லண்டனில் ‘வழிதவறிய’ பெண்களைத் திருத்தும் இல்லம் திறந்தபோது அவள் பெயரைத்தான் வைத்தார்கள். அயர்லாந்தின் மகதலேன் சலவைக்கூடங்களில், கல்யாணமாகாமல் தாயானவர்களும் நாதியற்ற பெண்களும் கூலியில்லாமல் துணி துவைத்தார்கள். கடைசிக்கூடம் மூடப்பட்டது 1996-இல். அந்த நாட்டு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2013-இல். நடுக்கட்டத்தில் தப்பாக எழுதிய ஒரு சொல், மதிலாகவும் பூட்டாகவும் மாறிய வரலாறு இது.

5

அன்று தாளின் பின்பக்கம் நான் ஏழாவதாக ஒரு பெயர் எழுதினேன்: குளோரிந்தா. பாளையங்கோட்டைப் பாப்பாத்தியம்மாள் கோவில் எல்லாருக்கும் தெரியும், அவள் கதை பாதிப்பேருக்குத்தான் தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தாள். ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணமில்லாத வாழ்க்கையைக் காட்டி ஷ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-இல், பாளையங்கோட்டைக்கு வந்து அவரே கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் அவளுடையது. நெல்லைத் திருச்சபை தன் தொடக்கத்தை அந்தப் பதிவேட்டிலிருந்துதான் எண்ணுகிறது. அவள் முயற்சியில் எழுந்த கோவிலை 1785-இல் ஷ்வார்ட்ஸே பிரதிஷ்டை செய்தார். அ. மாதவையா 1915-இல் அவளை வைத்து ஆங்கிலத்தில் நாவலே எழுதினார்.

இதைச் சொல்லி முடித்ததும் ஐயரம்மா யோசித்தார். நல்ல மனுஷி, கோபப்படவில்லை. “அப்போ அவுகளுக்குப் பிழைன்னு என்னத்த எழுத?” என்றார்.

பின்வரிசையிலிருந்து அக்கா கேட்டார், “கொடுக்க மாட்டேன்னாரே, அவரு பேரை எந்தக் கட்டத்துல எழுத?”

யாரும் பதில் சொல்லவில்லை. ஷ்வார்ட்ஸைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல, அவர் காலத்து விதி அவர் கையைக் கட்டியது. ஆனால் ஒரு விதி பெண்ணைக் காக்கவைக்கும்போது, காத்திருந்தது மட்டும் அவள் பிழையாகப் பதிவாகிறது, காக்கவைத்தது பதிவாவதில்லை. வேதத்துப் பெண்களை வாசிக்கிறோம் என்றால், எங்கள் பதிவேட்டையும் அந்த வாசிப்பில் சேர்க்க வேண்டும். அதன் முதல் பெயரே பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒருத்தியின் பெயர்.

ஈஸ்டர் ஆராதனைக்கு அம்மாவோடு போனேன். பந்தி தொடங்கியது, வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூத்த பெரியம்மா எழுந்தவர், என்ன நினைத்தாரோ, திரும்ப அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.