கேளாத பாட்டு

கச்சேரிக்குள் போலீஸ் புகுந்த கதை தெரியுமோ? 1913-ஆம் வருஷம் மார்ச் 31-ஆம் தேதி, வியன்னா நகரில் நடந்தது. பெரிய வாத்தியக் கோஷ்டி, நடத்தியவர் ஷோன்பெர்க். அவருடைய உருப்படி ஒன்று. சீடர்கள் வெபர்ன், பெர்க் இருவருடையவை. எல்லாம் காதுக்குப் பழகாத பாணி. கடைசியில், அந்த ஊர் 1905-லேயே கேட்டிருந்த மாலரின் பாட்டுகள்: குழந்தைகளைப் பறிகொடுத்த தகப்பனின் புலம்பல்.

வெபர்னுக்கே சிரிப்பும் சீட்டியும் கிளம்பின. எதிர்க் கட்சியார் விடாமல் கைதட்டினார்கள். பெர்க்கின் முறை வந்ததும் கைகலப்பு. கச்சேரி அத்தோடு கலைந்தது.

சீட்டியடித்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. புரியாத சங்கீதம் என்னையும் நெளிய வைத்ததுண்டு. ஆனால் நஷ்டக் கணக்கைப் பாருங்கள். புதியதை விரட்டியவர்களுக்குப் பழையதும் கிடைக்கவில்லை. மாலர் அன்று ஒலிக்கவே இல்லை. பெர்க்குக்கு அப்போது வயது 28. அவருடைய ஐந்து பாட்டுகளில் இரண்டைத்தான் அன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தும் முழுமையாக அரங்கேறியது ரோமாபுரியில், 1953-ல். அவரோ 1935-லேயே காலமாகிவிட்டார்.

பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். பக்கத்து நாற்காலிக்காரரின் காதையும் சேர்த்து அடைக்க நமக்கு ஏது உரிமை?