செவிலியர் ஆசிரியருக்கு யார் செலவழிப்பது? கோவண்டியை முன்வைத்து ஒரு விவாதம்

மும்பை மாநகராட்சியின் எம்-கிழக்கு வட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 8 லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வசித்தனர். கோவண்டி, தேவ்னார், மான்கூர்டு ஆகியவற்றோடு, 1976இல் ஜனதா காலனியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட தமிழர்கள் பலர் வாழும் சீத்தா கேம்ப்பும் இதில் அடங்கும். 2009ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை நகரத்தின் வட்டங்களில் இதைத்தான் கடைசியில் வைத்தது. இப்பகுதி மக்கள் நம்பியிருக்கும் மாநகராட்சி மருத்துவமனை கோவண்டியின் சதாப்தி. அங்கே நர்ஸ் போதவில்லை என்ற புகார் எல்லோருக்கும் தெரியும். அந்த நர்ஸை உருவாக்கும் ஆசிரியரும் போதவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 புதிய அரசு செவிலியர் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. கல்லூரிக்கு 10 கோடி. ஆண்டுக்கு 15,700 பட்டதாரிகள் வெளிவருவார்கள் என்பது அறிவிப்பு. கல்லூரிக்கு 100 இடம் என்றால் நான்காண்டுப் படிப்பில் 400 மாணவர். இந்தியச் செவிலியர் கவுன்சில் சொல்லும் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் கல்லூரிக்கு 40 ஆசிரியர், மொத்தம் 6,280 பேர். கட்டடத்தை ஒப்பந்ததாரர் இரண்டு வருடத்தில் எழுப்பிவிடுவார். ஆசிரியரை அந்த வேகத்தில் எழுப்ப முடியாது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் சாட்சி. அங்கே காகிதத்தில் மட்டும் ஆசிரியர் இருந்த கல்லூரிகளை நீதிமன்ற உத்தரவின்படி ஆய்வு செய்யப்போன சி.பி.ஐ. அதிகாரிகளே 2024இல் லஞ்ச வழக்கில் கைதானார்கள்.

எம்.எஸ்சி. நர்சிங் சேர ஓராண்டாவது பணி அனுபவம் வேண்டும். ஆகவே அந்த வகுப்புக்கு வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே சம்பளம் வாங்கி வீடு நடத்துபவர். மத்திய அரசு மருத்துவமனை நர்சிங் ஆபீசரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். படிப்பு விடுப்பு கிடைக்காத ஒருவர் இரண்டு ஆண்டில் இழப்பது, படிகளைச் சேர்க்காமலே, 10,77,600 ரூபாய். கல்விக் கட்டணம் தனி. படித்து முடித்து அவர் போய்ச் சேரும் தனியார் கல்லூரியில் டியூட்டர் சம்பளம் பெரும்பாலும் நர்சிங் ஆபீசரின் சம்பளத்தைவிடக் குறைவு. படித்ததற்குத் தண்டனை என்றே இதைச் சொல்ல வேண்டும். எம்.எஸ்சி. முடித்த பலர் கற்பிக்க வராமல் வெளிநாட்டுத் தேர்வுக்குத் தயாராவதில் வியப்பில்லை.

மற்ற படிப்புகளில் நிலை வேறு. சதாப்திக்குப் பக்கத்து ஊரான செம்பூரில் விவேகானந்த் எஜுகேஷன் சொசைட்டியின் மருந்தியல் கல்லூரி இருக்கிறது. மருந்தியல் மேற்படிப்புக்கான ஜிபேட் தேர்வில் தேறி எம்.ஃபார்ம். சேருபவருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பவாய் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படிப்பவருக்கும் கேட் தேர்வு வழியே அதே அளவில் உதவித்தொகை உண்டு. எம்.எஸ்சி. நர்சிங்குக்கு இப்படி நாடு தழுவிய ஏற்பாடு இல்லை, யு.ஜி.சி. நெட் தேர்வுப் பாடப் பட்டியலிலும் செவிலியம் இல்லை. காரணம் நிர்வாக அமைப்பில் இருக்கிறது. ஏ.ஐ.சி.டி.இ. பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதியும் தருகிறது, மாணவர்களுக்குப் பணமும் தருகிறது. செவிலியர் கவுன்சில் 1947 சட்டப்படி அனுமதியும் விதியும் மட்டும் தருவது. அதற்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டமும் ஒழுங்குமுறைக்கானதுதான். விதி போடும் கைக்குப் பர்ஸ் கொடுக்கப்படவில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே கூட்டரசின் கடன் திட்டம் ஒன்று உண்டு. படித்தபின் நான்கு ஆண்டு முழுநேர ஆசிரியராக இருந்தால் கடனில் 85 விழுக்காடு தள்ளுபடி. அதை இங்கே அப்படியே கொண்டுவரலாம் என்போர் உள்ளனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கேயே 2021இல் தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்களைச் செவிலியர் கல்லூரிகள் திருப்பி அனுப்பின. சொல்லப்பட்ட காரணங்களில் ஆசிரியர் பற்றாக்குறை முக்கியமானது. தவிர, கடன் தள்ளுபடி நாளைய சுமையைத்தான் குறைக்கும். சீத்தா கேம்ப்பிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணைத் தடுப்பது இந்த மாத வாடகையும் தம்பியின் ஃபீஸும். அவருக்குத் தேவை, படிக்கும் காலத்திலும் நிற்காத சம்பளம்.

வகுப்பறைக்கு மட்டும் இந்தப் பணத்தைக் கேட்கவில்லை. 2022 அக்டோபர் இறுதியில் கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, மத்தியக் குழு வரும்படி ஆனது. அப்படிப்பட்ட பகுதியில் மாணவிக்குச் சொல்லித்தர வேண்டியவை சிறியவை, ஆனால் புத்தகத்தில் பிடிபடாதவை: அழும் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் டார்ச் அடித்து வெண்புள்ளியைத் தேடுவது, ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு வைட்டமின் ஏ 2 லட்சம் யூனிட் என இரண்டு நாள் அடுத்தடுத்துத் தருவது, தடுப்பூசிக் குப்பியைக் கரைத்த நேரத்தை அதன்மேல் எழுதி நான்கு மணி நேரம் கடந்ததும் அப்புறப்படுத்துவது. தெருவில் நடக்கும் முகாமில் கடைசி விஷயம் எளிதாகத் தவறிப்போகும். பக்கத்தில் நின்று பார்க்க ஒரு டியூட்டர் இல்லாவிட்டால், வேலைநெருக்கடியில் இருக்கும் வார்டு சிஸ்டர்தான் போகிறபோக்கில் சொல்லித்தர வேண்டும்.

வேலூர் சி.எம்.சி. இதற்கு நீண்ட காலமாக ஒரு வழி வைத்திருக்கிறது. 1946இல் பட்டப்படிப்பைத் தொடங்கிய அந்தக் கல்லூரியில், கற்பிப்பவர் வார்டுப் பொறுப்பையும் சுமக்கிறார். சேவையும் கல்வியும் ஒரே ஆளிடம். ஆசிரியராவது அங்கே மருத்துவமனையை விட்டுப் போவதாக ஆவதில்லை. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. வேலூரின் பின்னால் ஒரு நூற்றாண்டு மரபும் திருச்சபைகளின் ஆதரவும் இருக்கின்றன. ஆனால் ஒரே பணியிடத்தில் இரு வேலை என்ற ஏற்பாட்டை மாநகராட்சி எடுத்துக்கொள்வதை எந்த மரபும் தடுக்கவில்லை.

சதாப்தியைத் தனியார் பங்கேற்புடன் மருத்துவக் கல்லூரியாக்கும் திட்டத்தைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து வருகின்றன. அந்த அச்சம் நியாயமானது. முடிவு எதுவானாலும், அங்கே கல்லூரி என்று ஒன்று வந்தால் செவிலியர் கல்லூரியும் பின்னால் வரும். அதற்குமுன் ஆண்டுக்கு ஐந்து ஸ்டாஃப் நர்ஸ்களை முழுச் சம்பளத்தோடு எம்.எஸ்சி. படிக்க எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தின் லீலாபாய் தாக்கர்சே செவிலியர் கல்லூரிக்கு அனுப்பலாம். பாண்டு எழுதி வாங்குவது தவறில்லை. ஆனால் அவர்கள் திரும்பும் நாளுக்குள் வார்டும் வகுப்பும் சேர்ந்த பணியிடம் பட்ஜெட்டில் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அது இல்லாமல் பாண்டு மட்டும் இருந்தால், காலம் முடிந்த மறுநாளே அவர்கள் வளைகுடாவுக்கு விண்ணப்பிப்பார்கள். செலவழித்த மாநகராட்சிக்கு அதைக் கேள்வி கேட்க முகாந்திரமும் இருக்காது.